பள்ளிபாளையம் வறுவலுக்கு நெஞ்சா, தொடையா?

பல்லடம் பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும் பிராய்லருக்கு வயசு ஆறு வாரம் இருந்தால் அதிகம். அந்த ஒரே கோழியின் நெஞ்சும் தொடையும் வடச்சட்டியில் இரண்டு வேறு பிராணி மாதிரி நடந்துகொள்ளும். வறுவலுக்கு என் ஓட்டு தொடைக்குத்தான்.

நெஞ்சில் கொழுப்பு குறைவு, எலும்பு தொல்லை இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கோழி நாளெல்லாம் நின்று, நடந்து, கிளறுகிறது. அதனால் தொடையில் சிவப்பு நார்கள் கலந்திருக்கும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறம். நெஞ்சு இறக்கையடிக்க மட்டும். நாய் துரத்தினால் திண்ணையேற ஒரு வீச்சு, அவ்வளவுதான். அதற்குத் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனைச் சட்டென எரித்துச் சீக்கிரமே சோர்ந்துபோகும் வெள்ளை நார் போதும். (புறா நெடுந்தூரம் பறப்பதால் அதன் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பு.)

ருசியைத் தீர்மானிப்பது நிறமல்ல, உறை. ஒவ்வொரு நாரையும், நார்க்கட்டையும் கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு சுற்றியிருக்கிறது. தொடையில் அது அதிகம். சூடு 65 டிகிரியைத் தாண்டினால் நாருக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரதம் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். இது இரண்டு கறியிலும் நடக்கும். ஆனால் தொடையின் கொலாஜன் 70 - 80 டிகிரியில் மெல்ல இளகி ஜெலட்டினாகி, காய்ந்த நாருக்கிடையே வழுவழுப்பாகப் படியும். நெஞ்சில் அப்படி இளக அதிகமில்லை.

பள்ளிபாளையம் வறுவலோ பொறுமையான பண்டம். எலும்போடு அரைக் கிலோ தொடை, உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், விதை உதறிய வரமிளகாய் பத்து, மஞ்சள், உப்பு. மூடி போட்டுச் சிறுதீயில் 20 நிமிடம். பிறகு மூடியை எடுத்து, தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் போட்டு ஐந்தாறு நிமிடம் சுருட்ட வேண்டும். நெஞ்சுத்துண்டை இவ்வளவு நேரம் விட்டால் தேங்காய் நார்தான்.

நெஞ்சுதான் வேண்டுமென்றால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, உப்புப் பிசறி அரை மணி வையுங்கள்; உப்பு மயோசின் என்ற தசைப்புரதத்தை இளக்கி ஈரத்தைப் பிடிக்கும். வெங்காயம் சுருண்டபிறகு போட்டு ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

நாமக்கல் பக்கம் முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு இந்தக் கணக்கு செல்லாது. வயசாக ஆகக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். தொடையையும் முதலில் குக்கரில் நாலைந்து விசில் விட்டுத்தான் சட்டிக்குக் கொண்டுவரணும். கோழியின் வயசைப் பொறுத்து விசில் கூடும் குறையும்.