சந்தை விழும்போது நான் வாங்குவது: நிஃப்டி பீஸ்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையிலேயே சந்தை 10 சதவீதம் விழுந்து, வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். என் கையில் பழைய கணக்கு நோட்டு. அதில் பென்சிலால் எழுதியிருந்தேன்: நிஃப்டியின் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடு) உச்சம் 12,362. பத்து சதவீதம் இறங்கினால் 11,126, இருபதுக்கு 9,890, முப்பதுக்கு 8,653, நாற்பதுக்கு 7,417. ஒவ்வொரு படிக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு நிஃப்டி பீஸ்.

மூன்று படிகளில் வாங்கினேன். அன்று நிஃப்டி 7,610ல் முடிந்தது. நான்காவது படிக்கு வரவே இல்லை. அந்தப் பணம் வங்கியிலேயே கிடந்தது, எனக்கு வருத்தமில்லை.

நிஃப்டி பீஸ் 2001ல் வந்தது, இந்தியாவின் முதல் இடிஎஃப், அதாவது பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் நிதி. ஒரு யூனிட் அப்போது நூறு ரூபாய் அக்கம்பக்கம்தான். வாங்கினால் ஐம்பது கம்பெனியும் கொஞ்சம் கொஞ்சம் நம்முடையது. அதற்கு முன்பு, விலை பாதியாகிவிட்டதே என்று ஒரு தனியார் வங்கிப் பங்கை வாங்கி, அது மேலும் பாதியாவதைப் பார்த்தவள் நான். விழுந்த கம்பெனி எழுந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐம்பதும் சேர்ந்து காணாமல் போகாது என்ற தைரியத்தில்தான் அந்த வாரம் தூங்கினேன்.

ஒன்று கவனியுங்கள். பதற்றமான நாளில் இடிஎஃப் விலை, அதற்குள் இருக்கும் பங்குகளின் உண்மை மதிப்பிலிருந்து விலகலாம். அதனால் கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நாமே சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். அப்புறம், மூன்று வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடவே போடாதீர்கள்.

அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது. யூனிட்டுகளை இன்னும் விற்கவில்லை.