முயல் காது பூட்டீஸ்: கம்பளியா, அக்ரிலிக்கா, காட்டனா?

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து ஆறு ஜோடி பூட்டீஸ், அதாவது குழந்தைக் காலுக்கு நூலில் பின்னும் குட்டிக் காலணி, பின்னியிருக்கிறேன். முயல் காது, கரடி முகம், தர்பூசணித் துண்டு என்று எல்லாமே வேடிக்கை ரகம். கம்பளியில் ஒன்று, அக்ரிலிக்கில் இரண்டு, காட்டனில் மூன்று. குழந்தைக்கு இப்போது பதினோரு மாதம். கால் வளர்ந்து எல்லாம் சின்னதாகிவிட்டது. இன்னொரு குழந்தைக்குக் கூச்சமில்லாமல் எடுத்துக் கொடுக்கலாம் என்ற நிலையில் இருப்பவை மூன்றே மூன்று ஜோடிகள். மூன்றும் காட்டன்.

அழகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நூலில் பின்னினாலும் முயல் முயல்தான், பார்க்கிறவர்கள் ‘ஐயோ, எவ்வளவு குட்டி!’ என்றுதான் சொல்வார்கள். விலையில் மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் கம்பளி மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. ஆனால் 50 கிராம் உருண்டையில் ஒரு ஜோடி தாராளமாக வந்துவிடும் என்பதால் அதையும் பெரிய செலவென்று சொல்லமாட்டேன். எந்த நூல் என்று முடிவு செய்வது, துவைத்தால் தாங்குமா என்பதுதான்.

நான் குன்னூர்க்காரி. நிட்டிங் ஊசியை எடுத்தால் கை தானாகக் கம்பளிக்குத்தான் போகும். முதல் ஜோடி மெரினோவில், வெள்ளை முயல். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் எடுக்க மனம் வராது, அவ்வளவு மென்மை. சென்னைக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும், தங்கை போட்டோ அனுப்பினாள். 9 செ.மீ. இருந்த பாதம் ஆறரைக்குச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. அவள் மாமியார் வெந்நீரில் ஊறவைத்து, சோப்பு போட்டுக் கசக்கியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வீட்டில் குழந்தை போடுகிற எதிலும் எண்ணெய் ஏறும். மேலே கக்கின பால் வேறு. வெந்நீரும் சோப்பும் இல்லாமல் அந்த நாற்றம் போகாது. ஆனால் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. அந்தச் செதில்களைப் பதப்படுத்தி மழுக்கிய சூப்பர்வாஷ் மெரினோ என்று ஒன்று கிடைக்கிறது. நான் பின்னியது அது இல்லை. ஒரே ஒரு ஜோடியை வைத்துக் கம்பளியே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வதும் நியாயமில்லைதான்.

அக்ரிலிக் சுருங்காது, சீக்கிரம் காயும், எடையே இருக்காது. முயல் காது நிமிர்ந்து நிற்க இதைவிட நல்ல நூல் கிடையாது. புதிதாகப் பின்னக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் இதுதான் தோது, பிரித்துப் பிரித்துப் பின்னினாலும் தாங்கும். ஆனால் இது பிளாஸ்டிக் இழை. வியர்வையை உறிஞ்சாது. சென்னை மே மாதத்தில் கழற்றிப் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் நசநசவென்று இருந்ததாம். சூடும் ஆகாது. கரடி ஜோடியின் ஓரம் சுருண்டிருக்கிறதே என்று தங்கை கணவர் ஆசையாக அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டார். கணுக்காலைப் பிடிக்க நான் போட்டிருந்த ரிப் பின்னல் அந்த நிமிடமே துவண்டுவிட்டது. இன்னொரு ஜோடியில் பத்துப் பதினைந்து துவையலுக்குள் உருண்டை உருண்டையாகப் பிசிறு தட்டிவிட்டது.

காட்டனை வெந்நீரில் போடலாம், கசக்கலாம், மொட்டைமாடி வெயிலில் காயப்போடலாம். துவைக்கத் துவைக்க மென்மையாகிறதே தவிர வம்பு செய்வதில்லை. குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, நெகிழ்ச்சி கிடையாது. குழந்தை இரண்டு உதை உதைத்தால் ஒன்று தொட்டிலுக்குள், ஒன்று கட்டிலுக்கடியில். அதனால் இப்போது பின்னல் இறுக்கமாக வர, லேபிளில் 3.5 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் 3 மி.மீ. எடுக்கிறேன். கணுக்காலில் ஒரு வரிசை ஓட்டை விட்டு, குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) சங்கிலியில் ஒரு கயிறு கோத்து, உருவி வராதபடி பின்பக்கம் தைத்துவிடுகிறேன். கயிறு ஒரு முடிச்சுக்குப் போதுமான நீளம் இருந்தால் போதும். இரண்டாவது, சாயம். தர்பூசணியின் சிவப்பு முதல் அலசலிலேயே பக்கத்து வெள்ளை வரியை ரோஸ் ஆக்கிவிட்டது. இப்போதெல்லாம் சிவப்பு நூலைப் பின்னுவதற்கு முன்பே, தண்ணீர் தெளிகிறவரை தனியாக அலசிவிடுகிறேன். மூன்றாவது, காது தொங்கும். தொங்கினால் என்ன, முயலுக்குப் பதில் நாய்க்குட்டி என்று சொல்லிக்கொள்ளலாம்!

நூல் எதுவானாலும் இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதம். கண்ணுக்குப் பட்டன், மணி வைக்கமாட்டேன். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயது, பிய்ந்து வந்தால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலில் கண்ணைத் தைத்துவிட்டால் போதும். இன்னொன்று, உள்பக்கம். இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிப் பின்னும்போது உள்ளே நூல் இழைகள் தளர்வாகத் தொங்கும். பிஞ்சு விரல் அதில் மாட்டிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். வெளியே இருக்கிற கரடி முகத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், ஒருமுறை உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

நடக்கிற குழந்தைக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்டால், என் அனுபவம் அங்கே மெலிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குட்டியம்மா இப்போதுதான் சோபாவைப் பிடித்து நிற்கிறாள். டைல்ஸ் தரையில் எந்த நூலும் வழுக்குகிறது, அதனால் வீட்டுக்குள் வெறுங்கால்தான். அடியில் தோல் துண்டு வைத்துத் தைக்கலாம் என்கிறார்கள், நான் இன்னும் தைத்துப் பார்க்கவில்லை.

குளிருக்குக் காட்டன் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் மழையில் அது காய்வதற்குள் இரண்டு நாள் ஆகிவிடும். டிசம்பரில் குழந்தை குன்னூர் வருகிறாள். அதற்கென்று சூப்பர்வாஷ் மெரினோவில் ஒரு ஜோடி ஊசியில் ஏறியிருக்கிறது, யானை முகம். இங்கே இருக்கிறவரை அதைத் துவைப்பது நான்தான் என்று தங்கையிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.