7,000 மணி ஓடின டிராக்டரா, 2,400 மணியா, புதுசா? வைக்கோல் கட்டும் வேலைக்கு ஓர் அலசல்

சோழவந்தான் பக்கம் கருதறுப்பு மிஷின் வயலில் இறங்கினால் அடுத்த நாளே எல்லாரும் தேடுவது வைக்கோல் கட்டும் மிஷினைத்தான். ஆள் விட்டு வைக்கோல் அள்ளிப் படப்புப் போட இன்றைக்கு ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. இதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று என் தங்கை வீட்டுக்காரர் ரவுண்டு பேலர் (டிராக்டர் பின்னால் மாட்டி வைக்கோலை உருண்டையாகக் கட்டும் மிஷின்) ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அதை மாட்ட டிராக்டர்தான் இல்லை. மாட்டுக்கு முன்னால் கயிறு வாங்கிய கதை.

அவர் கையில் இப்போது மூன்று வழி இருக்கிறது. 42 எச்.பி. பழைய வண்டி, 7,000 மணி ஓடியது, 3 லட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார்கள். 39 எச்.பி.யில் இன்னொன்று, மீட்டர் 2,400 மணிதான் காட்டுகிறது, 4 லட்சத்து 30 ஆயிரம். மூன்றாவது, தவணையில் புது வண்டி.

"மச்சான், ஏழாயிரம் மணின்னாலே பயமா இருக்கு. ரெண்டாயிரத்து நானூறுதானே நல்லது?" என்றார்.

"எந்த வேலையில ஓடின மணின்னு கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றேன். கேட்கவில்லை.

கேபிள் வைத்த மீட்டர் கடிகாரம் மாதிரி மணியை எண்ணுவதில்லை, என்ஜின் சுற்றுவதை எண்ணுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால்தான் அதில் ஒரு மணி ஏறும். ஐடிலில் நின்றால் பாதிகூட ஏறாது. லோடு ஏற்றும்வரை உறுமிக்கொண்டே நிற்கும் டிரெய்லர் வண்டியின் மீட்டர் எப்போதும் வயதைக் குறைத்துத்தான் சொல்லும். கேபிள் அறுந்து ஒரு வருசம் மீட்டர் செத்தே கிடந்த வண்டிகளும் உண்டு.

அதனால் நான் மீட்டரை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பார்ப்பேன். 2,400 மணி வண்டியின் பின்னால் குனிந்து பார்த்தோம். டிரெய்லர் ஊக்கு மாட்டும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. செங்கல்லோ மண்ணோ நாளெல்லாம் இழுத்த வண்டி. இழுவை வண்டியில் என்ஜின் பரவாயில்லாமல் இருக்கும், கிளட்சும் பிரேக்கும்தான் முதலில் போகும். வைக்கோல் வேலைக்கு முக்கியம் அந்தக் கிளட்ச்தான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரவுண்டு பேலர் வைக்கோலை வாரி உள்ளே உருட்டும். உருண்டை நிறைந்ததும் டிராக்டரை நிறுத்த வேண்டும். வண்டிதான் நிற்க வேண்டும், பி.டி.ஓ. (என்ஜின் விசையைப் பேலருக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் நூல் சுற்றும். பிறகு கதவைத் திறந்து கட்டைத் தள்ளிவிட்டு மறுபடி நகர வேண்டும். மணிக்கு 40 கட்டு என்றால் 40 முறை இதே பாடு. டூயல் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. நிற்காது. சிங்கிள் கிளட்சில் மிதித்த உடனே இரண்டும் நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தால்தான் பேலர் மறுபடி சுற்றும். வாயில் வைக்கோல் அடைத்தபடி நின்ற பேலரைத் திரும்பக் கிளப்பும்போது, பாரம் மீறினால் மிஷினைக் காக்கத் தான் உடையும் ஷியர் போல்ட் உடையும், நாளெல்லாம் மிதித்து டிரைவரின் முழங்கால் வலிக்கும். அந்த 39 எச்.பி. வண்டி சிங்கிள் கிளட்ச். கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி அதை டூயல் ஆக்கவும் முடியாது.

எனவே குறைந்த மணி வண்டி என் கணக்கில் முதலிலேயே விழுந்துவிட்டது. 42 எச்.பி. வண்டி டூயல் கிளட்ச்.

அதற்காக 7,000 மணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. அந்த வண்டி கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்று வயலில் தொழி உழுதிருக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். சேறும் தண்ணீரும் சக்கரத்தின் ஆயில் சீலைத் தின்றுவிடும். தண்ணீர் உள்ளே போனால் கியர் ஆயில் மோர் நிறத்துக்கு மாறும். கியர் பாக்ஸின் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் புதுசாக மின்னினால் அதற்கும் சந்தேகப்படுங்கள், விற்பதற்காக மாற்றியிருக்கலாம்.

என்ஜினைப் பற்றி நம் ஆட்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி என்ஜின் போர் வேலை பார்க்க வாடிப்பட்டியிலும் மேலூரிலும் மெக்கானிக் இருக்கிறார்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் வேலை அப்படியில்லை, பிரித்த பிறகுதான் தெரியும். அந்த வண்டி டாஃபே கம்பெனியின் மாஸே பெர்குசன். வாடிப்பட்டி தாண்டிக் கல்லடிப்பட்டியிலேயே டாஃபே தொழிற்சாலை இருப்பதால் நம் பக்கம் அதில் கை பழகிய மெக்கானிக் நிறைய. சீசன் நடுவில் வண்டி படுத்தால் சாமான் மதியத்துக்குள் வருமா என்பதுதான் கேள்வி. நூறு மணி கூடவா குறையவா என்பதில் ஒன்றுமில்லை.

புது வண்டிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. புதுசுக்கும் பழசுக்கும் இடைவெளி கொஞ்சம் சுருங்கியதும், பழைய வண்டிக்காரர்களிடம் பேரம் பேச நமக்கு ஒரு வாய்ப்பு வந்ததும் உண்மை. இருந்தாலும் மாப்பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை லட்சம் கடன், 13 சதவீத வட்டி, ஐந்து வருசம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்றால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 76,500 ரூபாய். வருசத்துக்கு 1 லட்சத்து 53 ஆயிரம்.

வரவு என்ன? பெரியாறு வைகைப் பாசனத்தில் இருபோகப் பகுதி 45,041 ஏக்கர். வைகையில் தண்ணீர் இருந்தால்தான் அதுவும் இருபோகம். இரண்டு அறுப்புக்கும் சேர்த்து 50 நாள் வேலை என்று தாராளமாகவே வைக்கிறேன். காலையில் பனி ஈரம் காயாமல் கட்டினால் வைக்கோல் உள்ளே வெந்து பூசணம் பிடிக்கும். ஆக நாளுக்கு ஆறு மணி நேரம்தான். 300 மணி நேரம், 12,000 கட்டு. டீசல், நூல், டிரைவர் கூலி போகக் கட்டுக்குப் பத்து ரூபாய் நின்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். தவணைக்கே 33 ஆயிரம் பற்றவில்லை.

பழைய வண்டிக்கு 3 லட்சத்து 20 ஆயிரம், பழுதுக்கென்று எடுத்துவைக்க 80 ஆயிரம். அதே வரவில் ஏறக்குறைய மூன்றரை வருசத்தில் காசு திரும்பிவிடும். நடுவில் பத்து நாள் வண்டி படுத்தால் 2,400 கட்டு, 24 ஆயிரம் ரூபாய் போகும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உழவு, ரொட்டவேட்டர் என்று வருசம் முழுக்க வாடகை ஓட்டம் உள்ளவருக்குப் புது வண்டிதான் சரி. அவர் மீட்டரில் வருசத்துக்கு 800 மணி ஏறும், தவணையும் தானாகக் கழியும். மாப்பிள்ளைக்கு அந்த ஓட்டம் இல்லை, ஊரில் ஏற்கெனவே நாலு ரொட்டவேட்டர் நிற்கிறது.

இன்னொன்று, ஆர்.சி. புத்தகம். நான் முன்பு வாங்கிய ஒரு வண்டியில் கடன் கட்டி முடித்தும் பைனான்ஸ் பெயர் நீங்கவில்லை. தடையின்மைச் சான்றுக்கு அலைந்தே எட்டு மாதம் போனது. பதிவு செய்து 15 வருசம் முடிந்திருந்தால் புதுப்பித்தார்களா என்றும் பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணைத் துடைத்து, புத்தகத்தோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம்.

வருகிற சனிக்கிழமை விடியற்காலை அந்த 7,000 மணி வண்டியைப் பார்க்கப் போகிறோம். பேலரை மாட்டித் தூக்கி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்கப் போகிறோம், லிப்ட் இறங்குகிறதா என்று பார்க்க. பி.டி.ஓ. தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும், பேலர் கதவைத் திறக்க ஹோஸ் மாட்டும் வாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளக் கூடாது. குளிர்ந்த என்ஜின் ஒரே சாவியில் பிடிக்கிறதா என்பதற்குத்தான் விடியற்காலைப் பயணம். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிடுவோம். நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று உடையவருக்கு மாப்பிள்ளை நேற்றே போன் போட்டுவிட்டார்.