இலவச எலும்பு அடர்த்தி முகாம்: குதிகால் சீட்டைக் காட்டி விற்கும் 'இயற்கைப் பொடி' பற்றி ஓர் எச்சரிக்கை

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸ் வருகிறது: ஞாயிறு காலை 7 முதல் 12 வரை இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை, 45 வயது தாண்டிய பெண்கள் தவறாமல் வரவும். கீழ்த்தளத்து ஹாலில் பேனர், மேஜை, வெள்ளைக் கோட் போட்ட இரண்டு பேர். குதிகாலில் ஜெல் தடவி, காலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். அரை நிமிடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை போட்ட சீட்டு வந்தது. 64 வயது அம்மா ஒருவருக்கு டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 3.2 (மைனஸ் கூடக் கூட எலும்பு அடர்த்தி குறைவு என்று கணக்கு). "சிவப்புல இருக்கும்மா. பாத்ரூம்ல லேசா வழுக்கினாலே இடுப்பு எலும்பு போயிடும்."

பயத்தோடு பயமாக மூன்று மாத 'இயற்கை எலும்பு பேக்கேஜ்' கைமாறியது. பெயரில்லாத மூலிகைப் பொடி ஒரு டப்பா, 'கடல் பவளக் கால்சியம்' மாத்திரை, விட்டமின் டி3 சொட்டு மருந்து. 14,700 ரூபாய். பில் கிடையாது, பணம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. நாலே நாளில் அந்த அம்மாவின் முழங்கால் வலி காணாமல் போய்விட்டது. அவர் சொன்னதைக் கேட்டு அதே பிளாக்கில் இன்னும் சிலர் வாங்கினார்கள். பதினோராவது வாரம் இலவச மறுபரிசோதனை: மைனஸ் 2.1. "பாருங்கம்மா, எலும்பு ஏறிடுச்சு. இன்னும் ஒரு கோர்ஸ் எடுத்தா நார்மல்."

அதற்குள் அவருடைய முகம் வட்டமாக உப்பியிருந்தது. கையில் இடிக்காமலே நீலத் திட்டுகள். கட்டுக்குள் இருந்த சர்க்கரை 280-க்குப் போனது. மருத்துவர் காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் பெரும்பாலும் இந்தப் படம் வரும். எக்ஸ்ரே மூலம் எலும்பு அடர்த்தியை அளக்கும் முறையான டெக்சா ஸ்கேனும் எடுத்தார்கள்: முதுகெலும்பு மைனஸ் 1.9, இடுப்பு மைனஸ் 2.2. முகாமில் பயமுறுத்திய அளவுக்கு அடர்த்தி குறையவே இல்லை.

இதில் மூன்று ஏமாற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த முகாமில் பிடிபடும்.

முதலில் அந்தப் பெட்டி. அது எலும்பின் அடர்த்தியை அளப்பதில்லை. குதிகால் எலும்புக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மங்குகிறது என்பதை அளக்கிறது. கால் ஜில்லென்று இருந்தால், வீங்கியிருந்தால், ஜெல் சரியாகப் படாவிட்டால், பாதம் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட எண் மாறும். மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு மெலிவு நோய்) என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த எல்லைகள் டெக்சா எக்ஸ்ரே அளவுக்கானவை, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. 50 தாண்டிய ஆண்களுக்கும் பின்னர் அதையே எடுத்துக்கொண்டார்கள். குதிகால் ஒலி அளவுக்கு அதே கோட்டைப் போட்டு சிவப்பு அடிப்பது தப்பு. தவிர, டி-ஸ்கோர் என்பதே இளம் வயதின் உச்ச அடர்த்தியோடு ஒப்பிடும் எண். 60 வயதில் மைனஸ் வராதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முகாம் என்றாலே மோசடி என்று சொல்லவில்லை. சீட்டைக் கையில் கொடுத்து 'டெக்சா எடுங்கள், டாக்டரைப் பாருங்கள்' என்று அனுப்பினால் அது நியாயமான முகாம். பக்கத்து மேஜையில் டப்பா அடுக்கியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபரிசோதனை நாடகம் இன்னும் மோசம். பழைய எலும்பு கரைந்து அதே இடத்தில் புது எலும்பு கட்டி முடிய ஒரு சுற்றுக்கே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். டி-ஸ்கோரில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 10 முதல் 12 சதவீத அடர்த்தி. எலும்பு மெலிவுக்கென்றே நிரூபிக்கப்பட்ட அலெண்ட்ரோனேட் மாத்திரையே மூன்று ஆண்டில் முதுகெலும்பில் 6 முதல் 8 சதவீதம்தான் ஏற்றுகிறது. பதினோரு வாரத்தில் ஒரு புள்ளி ஏறியது என்றால் ஏறியது எலும்பு இல்லை, கருவியின் பிழை. டெக்சாவிலேயே 3 முதல் 5 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தைப் பெரும்பாலான மையங்கள் மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஓராண்டு, இரண்டாண்டு இடைவெளி விட்டு, அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுக்கச் சொல்கிறார்கள்.

டெக்சாவையே ஏமாற்றும் சரக்கும் உண்டு. ஆன்லைனில் 'எலும்புக்கு' என்று வரும் ஸ்ட்ரான்ஷியம் சிட்ரேட். ஸ்ட்ரான்ஷியம் அணு கால்சியத்தைவிடக் கனமானது, எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். எலும்பில் அது கொஞ்சம் படிந்தாலே ஸ்கேனில் அடர்த்தி கூடியதாகத் தெரியும், அந்த உயர்வில் பெரும்பகுதி வெறும் தோற்றம்.

அடுத்தது, நாலு நாளில் போன வலி. இதுதான் முழு விஷயத்திலும் பெரிய அபாயமணி. எலும்பு அடர்த்திக் குறைவு முறிவு ஏற்படும்வரை வலிக்காது. முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அது வேறு நோய். வலியே இல்லாத நோய்க்குக் கொடுத்த 'மருந்து' நாலு நாளில் வலியைப் போக்குகிறது என்றால் உள்ளே வலி மருந்தோ ஸ்டீராய்டோ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மூட்டுவலிக்கு மூலிகை என்று விற்ற சரக்கில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், டைக்ளோஃபெனாக் கலந்திருந்தது பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளிடம் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. கொடுமை என்னவென்றால், எலும்பைக் கரைக்கும் மருந்துகளில் முதலிடம் ஸ்டீராய்டுக்குத்தான். பிரெட்னிசோலோன் தினம் 5 மி.கி. வீதம் மூன்று மாதம் போனாலே முறிவு அபாயம் கூடத் தொடங்கும். எலும்பைக் காப்பாற்றக் கொடுத்த காசில் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், பயத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போன உடம்பில் சொந்தக் கார்டிசால் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து வாந்தி, மயக்கம் என்று அவசரப் பிரிவுக்குப் போக நேரிடும். டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள், எவ்வளவு நாளில் எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

மூன்றாவது, பவளக் கால்சியம். பவளப் பாறை அடிப்படையில் கால்சியம் கார்பனேட். மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையும் அதேதான். இதைப் புற்றுநோய் முதல் எல்லாவற்றுக்கும் மருந்தென்று விளம்பரம் செய்தவர்கள்மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-லேயே வழக்குப் போட்டது. இங்கே இன்னும் புதுச் சரக்காக வலம்வருகிறது. மாத்திரை அட்டையில் பார்க்க வேண்டியது தனிமக் கால்சியம் எவ்வளவு என்பதை. கார்பனேட்டில் 40 சதவீதம், சிட்ரேட்டில் 21 சதவீதம். 1250 மி.கி. கார்பனேட் என்றால் உடம்புக்கு 500 மி.கி. கால்சியம். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் குடல் இழுக்கும் விகிதம் குறைந்துவிடும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். பான்டப்ரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு சிட்ரேட் மேல். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி அவசியம். காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு 'தைராய்டு ஏன் கட்டுக்குள் வரலை' என்று கேட்பவர்கள் ஏராளம்.

டி3-ல் நடக்கிற தவறு வேறு மாதிரி. 60,000 யூனிட் பாக்கெட் பொதுவாக வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று என்ற கணக்கில் மருத்துவர் எழுதுவது. அதன்மேல் பேக்கேஜ் சொட்டு, சத்துப்பொடியில் கொஞ்சம், ஊசியும் ஒன்று என்று சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறும். தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், வாந்தி, குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் போய் நிற்கும். சாதாரண அன்றாடத் தேவை 600 முதல் 800 யூனிட்தான். குறைவா என்பதை 25 ஹைட்ராக்சி விட்டமின் டி ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

சரி, உணவால் முடியாதா? முடியும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கால்சியத்தைத் தேவைக்கு உயர்த்தினால் அடர்த்தி 1 முதல் 2 சதவீதம் ஏறலாம், அதன்பின் தேய்வு மெதுவாகும். மைனஸ் 3-ஐ உணவு மைனஸ் 1 ஆக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு தினம் 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. இதைப் பொடியே இல்லாமல் எட்டலாம். 200 மி.லி. டம்ளரில் இரண்டு பால் 480 மி.கி., ஒரு கிண்ணம் தயிர் 180, கேழ்வரகு மாவு 50 கிராம் 180, எள் ஒரு டேபிள்ஸ்பூன் ஏறக்குறைய நூறு, முருங்கைக்கீரை 50 கிராம் 150. மிச்சம் பருப்பிலும் காய்களிலும் வந்துவிடும்.

கேழ்வரகில் பாலைப்போல மூன்று மடங்கு கால்சியம் என்று சொல்வது உண்மைதான், ஆனால் அது 100 கிராம் மாவுக்கு. இரண்டு ஸ்பூன் மாவில் காய்ச்சிய கஞ்சியில் 70 மி.கி. வந்தால் அதிகம். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் வேறு இருப்பதால் அதிலும் ஒரு பங்குதான் சேரும். முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும். கடையில் வாங்கும் ராகி மால்ட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் முதல் பொருளே சர்க்கரை. பாலக் கீரையைக் கால்சியக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் 5 சதவீத அளவுதான் உறிஞ்சப்படும், பாலில் 30 சதவீதம். எள்ளை மென்றோ பொடித்தோ சாப்பிட வேண்டும், முழுசாகப் போனால் முழுசாகவே வெளியேறும். அசைவக்காரர்களுக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்ல வழி. கருவாடாகப் போனால் உப்பு இடிக்கும்: 6 கிராம் உப்பு ஏறக்குறைய 40 மி.கி. கால்சியத்தைச் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகும். ஊறுகாய், அப்பளமும் இதே கணக்கில்தான்.

பிரண்டை பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். முறிந்த எலும்பு கூடுவதற்கு உதவுகிறது என்று விலங்கு ஆய்வுகளும் சில சிறிய மனித ஆய்வுகளும் உண்டு. முறிவைத் தடுக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வு கிடையாது. துவையலாகச் சாப்பிடுவதில் குறையொன்றும் இல்லை: இளந்தண்டு, கணுவைத் தள்ளி நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து. நாக்கும் தொண்டையும் அரிப்பது அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் கால்சியத்தையே பிடித்துக்கொண்டு புரதத்தை மறந்துவிடுகிறோம். 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு தினம் 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). இரண்டு இட்லி, ரசம் சாதம், மோர் சாதத்தில் அதில் பாதிகூடத் தேறாது. நடைப்பயிற்சி மட்டும் செய்தால் அடர்த்தி பெரிதாக ஏறாது, எடை தூக்கும் பயிற்சி வேண்டும். 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடை தூக்கியதில் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறியது. முழுக்கப் பயிற்சியாளர் மேற்பார்வையில் நடந்தது அது, வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பழக வேண்டாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதில் தொடங்கலாம். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் வலி இல்லாவிட்டாலும் முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த முகாம்காரர்கள் சொல்வதில் ஆளையே முடக்கக்கூடியது ஒன்று: 'இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு இதை எடுங்க.' எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் இருப்பவர் அடுத்த ஊசியைத் தவறவிட்டால் அடர்த்தி வேகமாகச் சரியும், முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு நசுங்கலாம். நிறுத்த வேண்டுமென்றால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள்.

ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், மிச்சப் பொடிதான் சாட்சி. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் நோட்டீஸ், இரண்டு சீட்டுகள், டப்பாவின் நாலு பக்கப் படம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். உணவுச் சத்துப்பொருள் என்றால் லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். எண்ணை அந்தத் துறையின் தளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். சித்த, ஆயுர்வேத மருந்து என்று சொன்னால் தயாரிப்பு உரிமம் எண் கேளுங்கள். 2021 நேரடி விற்பனை விதிகளின்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீடு தேடி வந்து விற்கக்கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம். சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: ஹாலை இலவசமாகத் திறந்துவிடும் முன், வருகிறவர் மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், அன்று எதுவும் விற்க மாட்டோம் என்ற கடிதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.