டார்பன் மீன்பிடிக்கப் படகு பதிவு செய்பவர்கள் கவனத்துக்கு

புளோரிடாவில் முறையான உரிமம் பெற்ற வாடகைப் படகில் ஏறி மீன்பிடிப்பவருக்குத் தனியாக மீன்பிடி உரிமம் தேவையில்லை. கேப்டனிடம் உள்ள உரிமமே படகில் வரும் எல்லோருக்கும் செல்லும். டார்பன் என்ற பெரிய கடல்மீனைப் பிடித்துத் திரும்பக் கடலிலேயே விடுகிறவருக்கு, அதை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் 50 டாலர் டேக்கும் தேவையில்லை. படகுத்துறையில் நின்றுகொண்டு இந்த இரண்டின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அவர் உங்களை ஏமாற்றுகிறார். மற்றதைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இது நடந்த இடம் போக்கா கிராண்டே. தென்மேற்கு புளோரிடாவில் சார்லட் ஹார்பர் வளைகுடா கடலோடு கலக்கும் வாய் அது. எழுபது அடிக்கும் மேல் ஆழம். மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பிற்பகலுக்கு மேல் வற்றம், அதாவது கடல்நீர் வடியும் ஓட்டம், பலமாக இழுக்கும். உள்ளே இருக்கும் சிறு நண்டுகளை அந்த நீரோட்டம் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு வெளியே வரும். அதற்காகவே டார்பன்கள் அங்கே காத்திருக்கும். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருவது அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான். நான் பணம் கட்டியதும் அதற்குத்தான்.

என் மாமனார் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். கடலைப் பார்த்தே வளர்ந்தவர். டார்பனைப் பற்றி நான் சொன்னதிலிருந்து, ஒரு முறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் எங்களோடு தங்க வந்திருந்த ஜூன் மாதத்தில், பௌர்ணமிக்கு அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படும் நான்கு மணி நேரப் பயணத்தைப் பதிவு செய்தேன். கட்டணம் 900 டாலர். பாதியை முன்பணமாக அட்டையில் கட்டினேன். நேரத்தையும் நாளையும் உறுதி செய்து கேப்டன் அனுப்பிய குறுஞ்செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அது பின்னால் உதவியது.

முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பிற்பகலில் இடிமழை வரும் என்கிறார்கள், ஆகவே காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள் என்றார். கோடையில் புளோரிடாவில் பிற்பகல் இடிமழை அன்றாடம் நடப்பது; அந்தக் காரணத்தை யாராலும் மறுக்க முடியாது. வேறு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். சீசன் முழுக்க இடமில்லை, வராவிட்டால் முன்பணம் திரும்பாது என்றார்.

காலையில் துறையில் நின்றது படத்தில் பார்த்த படகு அல்ல. வந்தவர் என்னோடு பேசிய கேப்டனும் அல்ல. அவருடைய படகில் எஞ்சின் கோளாறு, அவருக்குப் பதிலாக நான் வந்திருக்கிறேன் என்றார் இவர். அமெரிக்கக் கடலோரக் காவல் படை கொடுக்கும் கேப்டன் உரிமத்தைக் காட்டச் சொன்னேன். வீட்டில் இருக்கிறது என்றார். அதற்குள் மாமாவும் என் மகனும் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகுதான் அந்தப் பண விஷயம் வந்தது. ஆளுக்கு 17 டாலர் உரிமம், 50 டாலர் டார்பன் டேக். மூன்று பேருக்கு 201 டாலர், ரொக்கமாக. இதில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். இந்தத் தொகைகள் கற்பனை அல்ல. வெளிமாநிலத்தவர் கரையிலிருந்தோ சொந்தப் படகிலிருந்தோ மீன்பிடிக்க வாங்கும் மூன்று நாள் உரிமத்துக்கு உண்மையிலேயே 17 டாலர்தான். டேக்கின் விலையும் உண்மையிலேயே 50 டாலர்தான். சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் தேடிப் பார்க்கிறவருக்கும் அதே எண்கள்தான் வரும். ஆனால் அந்த டேக், உலக சாதனைக்காக ஒரு டார்பனைக் கைவசம் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு மட்டும் உரியது. 2013 செப்டம்பர் முதல் புளோரிடா கடற்பகுதியில் டார்பனைப் பிடிக்கலாம், உடனே விட்டுவிட வேண்டும் என்பதுதான் சட்டம். சாதனை எண்ணமே இல்லாத எங்கள் மூவருக்கும் அந்த டேக்கினால் எந்தப் பயனும் இல்லை.

இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். விதிகள் இந்த ஆண்டு மாறிவிட்டன என்றார். எந்த விதி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். விருப்பமில்லை என்றால் இறங்கிக்கொள்ளலாம் என்றார். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன். ஒரு துண்டுத் தாளில் ‘பயணச் செலவு 201’ என்று கிறுக்கிக் கொடுத்தார். எந்த டேக்கும் எங்கள் கைக்கு வரவில்லை.

அந்தக் கடல்வாயின் நடுவே போய் நின்றதும் மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் தாழ்ந்த குரலில், “மாப்பிள்ளை, வற்றத்துக்குத்தானே வரச் சொன்னதாகச் சொன்னீர்கள்? தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டல்லவா இருக்கிறது!” என்றார். அவர் சொன்னது சரி. தண்ணீர் உள்ளே வரும் ஏற்றத்திலும் டார்பன் இரை எடுக்கும், எடுக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நண்டுகள் வெளியே அடித்துவரப்படும் அந்த வற்றத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் கூடுதல் விலை வாங்குகிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் இல்லை. அங்கங்கே மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து புரண்டு காற்றை விழுங்கிவிட்டுப் போயின. டார்பனின் காற்றுப் பை நுரையீரல் போலவும் வேலை செய்யும். அதனால் அது அடிக்கடி மேலே வந்து மூச்செடுக்கும். வெள்ளித் தகடு திரும்புவது போல அதன் முதுகு மின்னி மறைவதைப் பார்க்கவே மாமாவுக்குப் பேரானந்தம். அந்த ஒன்றுக்காக மட்டும் அன்றைய காலையை நான் வெறுக்கவில்லை.

கடைசியில் மாமாவின் தூண்டில் கழியில், அந்த ராடில்தான், இழுத்தது. ரீல் அலறியது. ஆளுயர மீன் ஒன்று செவுள்கள் விரிய முழு உடம்போடு காற்றில் எழும்பித் தலையை உதறியது. அது துள்ளும் கணத்தில் ராடைத் தாழ்த்தித் தூண்டில் நரம்பைத் தளர்த்த வேண்டும். ‘ராஜாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்’ என்பது அங்குள்ள வழக்கு. மாமாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகத் தாழ்ந்தது. முக்கால் மணி நேரம் போராடி மீனைப் படகருகே கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. வால் கவை வரை 40 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள டார்பனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்பது புளோரிடா விதி. சாதனைக்காக டேக் வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு. இவர் தாடையில் கொக்கியை மாட்டி, மீனைப் படகின் விளிம்பின்மேல் இழுத்து, சூடான தளத்தில் கிடத்தினார். நான் வேண்டாம் என்று கத்தினேன். “படம் வேண்டாமா?” என்று கேட்டார். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த கனம் முழுவதும் தாடையிலும் உள்ளுறுப்புகளிலும் இறங்கும். உடம்பின் வழவழப்பான பூச்சு தளத்தில் உரசி உரிந்துபோகும். மாமாவின் சட்டையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது, உள்ளங்கை அளவு. மீனின் செவுளிலிருந்து இரத்தம் மெல்லிய கோடாகத் தளத்தில் ஓடியது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய உயிர் அது. இந்தக் கேப்டனைவிட அதற்கு வயது அதிகமாக இருந்திருக்கலாம்.

திரும்ப விடும்போதும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. களைத்த மீனின் தாடையைப் பிடித்துக்கொண்டு படகை மெதுவாக நகர்த்தினால் செவுள் வழியே தண்ணீர் ஓடும், மீன் தெளியும். இவர் அப்படியே தள்ளிவிட்டார். அது ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. படகுக்கு அப்பால் ஒரு பெரிய துடுப்பு தெரிந்தது, பிறகு தண்ணீர் கலங்கியது. போக்கா கிராண்டேயில் டார்பனுக்காகவே கொம்பன் சுறாக்கள் சுற்றும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நல்ல கேப்டன்கள் சுறா நெருங்கினாலே நரம்பை அறுத்து மீனைத் தப்பவிடுவார்கள் அல்லது இடத்தை மாற்றுவார்கள். மாமா அதன்பின் ராடைத் தொடவில்லை.

கரைக்குத் திரும்பும் வழியில் அடுத்த வியாபாரம் தொடங்கியது. பிடித்த மீனின் உருவத்தைக் கண்ணாடி இழையில் செய்து சுவரில் மாட்ட அனுப்புகிறோம், பாதித் தொகை இப்போதே கட்டினால் போதும் என்று ஒரு படிவத்தை நீட்டினார். இப்படிப்பட்ட உருவங்கள் செய்வது நேர்மையான தொழில்தான். அதற்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. நீளம், சுற்றளவு, ஒரு படம் இருந்தால் போதும். ஆனால் அன்று படகில் யாரும் அளவுநாடாவைக் கையில் எடுக்கவே இல்லை. படிவத்தில் மட்டும் நீளம் 82 அங்குலம் என்று பேனாவால் எழுதியிருந்தது. அடியில் ‘பரிந்துரைத்தவர்’ என்ற கட்டத்தில் அவர் பெயர் அச்சாகவே இருந்தது. மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு, “செத்த மீனுக்குப் பொம்மை எதற்கு?” என்று தமிழிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

துறையில் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. பிற்பகல் மூன்று மணிப் பயணத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டோம் என்றார் அந்தப் பெண்மணி. முந்தைய நாள் மாலைதான் பதிவு செய்தார்களாம். எங்களைவிட 300 டாலர் கூடுதல். இடிமழை எதுவும் அன்று வரவில்லை. நாங்கள் திரும்பும் வழியில் வானம் தெளிவாகவே இருந்தது. உரிமம், டேக் பற்றிய உண்மையை அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

இனி பதிவு செய்யப் போகிறவர்களுக்கு. பயணத்தின் நேரத்தை மட்டும் எழுத்தில் வாங்காதீர்கள்; அது ஏற்றத்திலா வற்றத்திலா என்பதையும், கேப்டன் பெயரையும், படகு எது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இவற்றில் எது மாறினாலும் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரை விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் உரிமத்தைத் துறையில் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். சிறு படகுக் கேப்டன்கள் பலரிடம் இருக்கும் உரிமம் கட்டணம் கொடுக்கும் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதிக்காது. ஏழாவது ஆளை ஏற்றத் தயங்காதவர் மற்ற விதிகளையும் மதிக்க மாட்டார். பெரிய டார்பனைத் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒழுங்கானவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். சிலர் நாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். ஒருவருடைய விளம்பரப் படங்களில் ஆளுயர டார்பன்கள் படகுத் தளத்தில் கிடந்தால் அவரைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

அட்டை நிறுவனத்திடம் பிற்பகல் மூன்று மணி என்று எழுதியிருந்த அந்தக் குறுஞ்செய்தியைக் காட்டினேன். 450 டாலர் முன்பணம் திரும்பக் கிடைத்தது. துறையில் ரொக்கமாகக் கொடுத்த மீதிக் கட்டணமும் 201 டாலரும் போனதுதான். மீனைத் தளத்தில் கிடத்திய படங்களை என் மகன் எடுத்திருந்தான். படகின் பதிவு எண் அதில் தெளிவாக விழுந்திருக்கிறது. அவற்றோடு புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்துக்கும், உரிமம் காட்டாதது பற்றிக் கடலோரக் காவல் படைக்கும் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆணையத்தின் அதிகாரி ஒருவர் அழைத்து, துண்டுத் தாள் ரசீதின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். இதே துறையில் இதே போல் உரிமத்துக்கும் டேக்குக்கும் ரொக்கம் கொடுத்தவர்கள் இருந்தால், தொகை சிறிது என்று விட்டுவிடாமல், நாளையும் படகின் எண்ணையும் குறிப்பிட்டு நீங்களும் புகார் கொடுங்கள்.