பார்ட்டி ஹால் புக் பண்ணி 8,500 ரூபாய் போச்சு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஒரு ஃபேமிலி ரெஸ்டாரன்ட். கீழே சாதாரண ஹால், மாடியில் ஏசி போட்ட பார்ட்டி ஹால், வாசலில் பிரியாணி அண்டா. இந்த மாதிரிக் கடை இன்று எல்லா ஊர் பைபாஸிலும் இருக்கிறது. பெயர் போடவில்லை. அங்கே நான் கொடுத்த அட்வான்ஸ் 8,500 ரூபாய் அப்படியே போய்விட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அப்பா அரசுப் பேருந்து டிரைவர். போன மாதக் கடைசியில் ரிட்டயர் ஆனார். சொந்தக்காரர்கள், அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்கள் என்று ஒரு முப்பது பேரைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு போடலாம் என்று முடிவு செய்தோம். அப்பத்தாவுக்கு வெயில் ஆகாது, அதனால்தான் ஏசி ஹால்.

புக் பண்ணப் போன அன்று மேனேஜர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். கடை பெயர் போட்ட சட்டை, காதில் பேனா. என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். "அய்யா எந்த ரூட்டு சார்?" என்றார். பட்டுக்கோட்டை ரூட் என்றதும் முகமே மாறிவிட்டது. "அட, நான் அய்யா பஸ்லதான் சார் ஸ்கூலுக்குப் போனேன். படியில தொங்குனா வண்டிய நிறுத்திட்டு ஏத்தி உள்ள விடுவாரு. அவரு விசேஷத்த நான் பாத்துக்குறேன்" என்றார். அப்பா அப்படித்தான் செய்வார். படியில் பையன்கள் தொங்கினால் வண்டியை எடுக்க மாட்டார். அந்த ரூட்டில் போன யாருக்கும் தெரிந்த விஷயம் அது. அதைச் சொல்லித்தான் என் கையைப் பிடித்தார் அந்த மனிதர். சூப் வரவழைத்துக் கொடுத்தார், காசு வேண்டாம் என்றார்.

தலைக்கு 540 ரூபாய்: மட்டன் பிரியாணி, சிக்கன் 65, முட்டை, தயிர் வெங்காயம், பிரெட் அல்வா. முப்பது பேருக்கு 16,200, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 17,010. பாதி அட்வான்ஸ், 8,500. டைரியை எடுத்து என் கண் முன்னால் "ஞாயிறு மதியம், மாடி ஹால், 30 பேர், அட்வான்ஸ் 8500" என்று எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டார். அந்தப் பக்கத்தை அப்போதே செல்லில் போட்டோ எடுத்தேன். கவுன்டரில் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்யப் போனபோது, "அது சாப்பாட்டு பில்லுக்கு சார், பார்ட்டிக்கு வேற நம்பர்" என்று தன் செல்லை நீட்டினார். அதில் ஒரு தனி ஆள் பெயர் வந்தது. யார் என்று கேட்டேன். "ஓனரோட தம்பி சார். புக்கிங் பணம் எல்லாம் இதுலதான் வரும்." கேஷியர் பக்கத்திலேயே நின்றார், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால் மாடியில் வேறு யாரோ குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். பலூன் எல்லாம் கட்டியிருக்கிறது. மேனேஜரைக் காணோம். "அவரு வேலைய விட்டு நின்னுட்டாரு சார்" என்கிறார் அதே கேஷியர். அந்த டைரி கவுன்டரிலேயே கிடந்தது. வாங்கித் திருப்பினேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வொயிட்னர் அடித்து, அதன் மேல் வேறு பெயர் எழுதியிருந்தது. வொயிட்னர் சரியாக மூடவில்லை, சிவப்பு அடிக்கோடு கீழே அப்படியே தெரிந்தது. அதையும் போட்டோ எடுத்தேன். கேஷியர் டைரியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார்.

அழைத்து வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். வேறு வழியில்லை, கீழே கிடைத்த டேபிள்களில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்தோம். மட்டன் பிரியாணி முதல் பந்தி மாதிரி பத்துப் பேருக்கு வந்தது. மற்றவர்களுக்கு "மட்டன் தீந்துடுச்சு" என்று சிக்கன் பிரியாணி. அப்பத்தா வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதுப் பையன் ஒருவன், தமிழ்கூட சரியாக வரவில்லை, அவன்தான் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீரும் சோறும் கொண்டு வந்தான். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பில். 30 பேருக்கும் மட்டன் ரேட், 16,200. அதன் மேல் "ஸ்டாஃப் சார்ஜ்" 10 சதவீதம், 1,620. அதையும் சேர்த்து ஜிஎஸ்டி 891. மொத்தம் 18,711. அட்வான்ஸ் கழிக்கவே இல்லை. தங்கச்சி வீட்டுக்காரர் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர், பில்லைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். சர்வீஸ் சார்ஜை வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஹோட்டல்காரர்கள் எதிர்த்து கேஸ் போட்டும் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்று தீர்ப்பளித்துவிட்டது. மாப்பிள்ளை இதைச் சொன்னதும் சத்தம் இல்லாமல் பில்லை மாற்றிக் கொண்டு வந்தார்கள். தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் 8,500 பற்றிக் கேட்டால் மட்டும், "அது எங்க அக்கவுன்டுக்கு வரல சார்." விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாம் என்று அப்பா என் தோளில் கை வைத்தார். 17,010 முழுசாகக் கட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிகிறது. ஓனருக்கு போன் போட்டால், நாளைக்குப் பேசுகிறேன் என்றார். மறுநாள் சென்னையில் இருக்கிறேன் என்றார். பிறகு, "நீங்க அவருக்குத்தானே போட்டீங்க, அவர்கிட்டயே கேளுங்க. எனக்குத் தம்பியே கிடையாது" என்றார். உங்கள் கடையில், உங்கள் சட்டை போட்டவர், உங்கள் டைரியில் எழுதி வாங்கிய பணம் இது, நான் எதற்கு அவரைத் தேட வேண்டும் என்று கேட்டேன். "சரி சார், ஒரு ஃபேமிலி பேக் பிரியாணி வாங்கிட்டுப் போங்க, விடுங்க" என்றார். 8,500 ரூபாய்க்கு ஒரு பக்கெட் பிரியாணி! பேங்கில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்தை எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள். மேனேஜர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷனில் மனுவை வாங்கி சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், அதற்கே ஒரு மதியம் போனது. வண்டியில் கிடந்த பர்ஸைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டெப்போவில் ஒப்படைத்த மனுஷன் அப்பா. அவர் பெயரைச் சொல்லி அடித்திருக்கிறார்கள்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை. அட்வான்ஸ் என்றால் கடை பெயர் வரும் க்யூஆரில் மட்டும் போடுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் யார் தம்பியாக இருந்தாலும் போடாதீர்கள். டைரியில் எழுதுவது ரசீது இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை அட்வான்ஸ் வாங்கினால் ரசீது தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ், ஸ்டாஃப் சார்ஜ் என்று எது இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் அடியுங்கள்.

நானும் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு போட்டோவும் பில்லும் கையில் இருக்கின்றன. தஞ்சாவூரில் இதே மாதிரி பார்ட்டி ஹாலுக்குப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் இன்றே எனக்கு எழுதுங்கள், எல்லாரும் ஒரே நாளில் போய் மனு கொடுக்கலாம்.