ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம்: படம் எடுப்பதோடு முடித்துவிடக் கூடாத இடம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தின் படம் கண்ணில் படும். சுப்பீரியர் ஏரியின் வடகரையில், நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 130 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறையின் விளிம்பில், வெளிர்நிறச் செங்கல்லால் கட்டப்பட்ட எண்கோணக் கோபுரம் அது. கீழே கூழாங்கல் கரையில் நின்று அந்தக் காட்சியைப் படம் எடுத்துக்கொண்டு, மேலே ஏறாமலேயே அடுத்த அருவியைத் தேடிப் புறப்பட்டுவிடுவோரைக் கோடைதோறும் காண்கிறேன். அவர்கள் தவறவிடுவது எவ்வளவு என்பதைச் சொல்லவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மினசோட்டா வரலாற்றுச் சங்கம் 1976 முதல் பராமரித்துவரும் இந்த வளாகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், இந்த விளக்கம் ஏன் கட்டப்பட்டது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு சென்றால் அங்கே பார்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பொருள் கூடும். 1905 நவம்பர் 27, 28 ஆகிய நாள்களில் சுப்பீரியர் ஏரியில் வீசிய புயலில் 29 கப்பல்கள் சேதமடைந்தன. மட்டாஃபா என்ற கப்பல் டுலூத் துறைமுகக் கால்வாய்க்குள் நுழைய முயன்று, கால்வாய்ச் சுவரில் மோதி, கரையிலிருந்து பார்க்கக்கூடிய தொலைவிலேயே உடைந்து சிக்கிக்கொண்டது. நகர மக்கள் கரையில் நெருப்பு மூட்டி இரவு முழுவதும் காத்திருந்தும், அலைகளின் சீற்றத்தால் மீட்புப் படகை அனுப்ப முடியவில்லை. கப்பலின் பின்பகுதியில் இருந்த ஒன்பது பேர் விடிவதற்குள் குளிரில் மாண்டனர். அதே புயலில், வேறொரு கப்பலால் இழுத்துச் செல்லப்பட்ட மடெய்ரா என்ற கப்பல், இப்போது கலங்கரை விளக்கம் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள கோல்டு ராக் என்னும் பாறையில் மோதி நொறுங்கியது. அதன் மாலுமிகளுள் ஒருவர் கயிற்றுடன் பாறைமீது தாவி ஏறியதால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒருவர் மட்டும் உயிரிழந்தார்.

சேதமடைந்த கப்பல்களில் பல, இரும்புத் தாதுவை ஏற்றிச்செல்லும் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்குச் சொந்தமானவை. வடகரையில் இரவு நேரத்தில் திசைகாட்டும் விளக்கு ஒன்று வேண்டும் என்ற கப்பல் நிறுவனங்களின் வற்புறுத்தலின் பேரில், அமெரிக்க நாடாளுமன்றம் 1907-ஆம் ஆண்டு 75,000 டாலர் ஒதுக்கியது. ஏழை மீனவர்கள் எத்தனையோ ஆண்டுகளாகப் படகிலேயே போய்வந்த அந்தக் கரைக்கு, எஃகு ஆலைகளின் தாதுவுக்கு ஆபத்து வந்த பிறகுதான் விளக்கு வந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பார்வையாளர் மையத்தில் இந்தப் பின்னணியை விளக்கும் குறும்படமும் காட்சிப்பொருள்களும் உள்ளன. அங்கே சிறிது நேரம் செலவிட்டுவிட்டு நேராக விளக்குக் கோபுரத்துக்குச் செல்லுங்கள். கோபுரம் குட்டையானது; அடித்தளத்திலிருந்து 54 அடிதான். பாறையே உயரத்தைக் கொடுத்துவிடுவதால், விளக்கின் ஒளி ஏரி மட்டத்துக்கு 168 அடி மேலிருந்து வீசியது. ஆகவே படியேற்றம் பெரிதாகக் களைப்பூட்டாது. மெதுவாக ஏறக்கூடிய முதியவர்கள் எங்கள் குடும்பத்தில் தயங்காமல் மேலே வந்தார்கள். எனினும் படிகள் குறுகலானவை, சுழன்று செல்பவை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும்.

மேலே இருப்பதுதான் இந்த வளாகத்தின் உயிர்நாடி. பாரிஸ் நகரத்தின் பார்பியே, பெனார் எ துரென் நிறுவனம் செய்த ஃபிரெனெல் வில்லை, இரண்டு பெரிய கண்ணாடி முகங்களை ஒன்றோடொன்று முதுகு சேர்த்து வைத்த அமைப்பில், தன் நூற்றுக்கணக்கான பட்டகங்களோடு இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் எரியும் ஒரு சிறு விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளியை இந்தப் பட்டகங்கள் வளைத்து, திருப்பி, இரண்டு கூரிய கற்றைகளாக்கி ஏரியின் மேல் செலுத்துகின்றன. வில்லை ஒருமுறை சுற்றும்போது கப்பலில் இருப்பவர் கண்ணில் இரண்டு மின்னல்கள் படும்; அதனால் பத்து விநாடிக்கு ஒரு மின்னல் என்ற கணக்கு அமைந்தது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படித் தனித்தனி இடைவெளி இருந்தமையால், மின்னல்களுக்கு இடையிலான நேரத்தைக் கணக்கிட்டே தாம் எங்கே இருக்கிறோம் என்பதை மாலுமி அறிந்துகொண்டார். அதிகாரபூர்வமாக 22 மைல் வரை தெரியும் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், வானம் தெளிந்த இரவுகளில் அதைவிட வெகுதொலைவிலிருந்தும் கண்டதாக மீனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இயந்திரப் பட்டறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தை, இவ்வளவு எடையுள்ள கண்ணாடி எதன்மேல் சுழல்கிறது என்று கேட்டார். பழங்கால விளக்குக் காவலரின் சீருடை அணிந்திருந்த வழிகாட்டி, வில்லை பாதரசத் தொட்டியில் மிதப்பதையும், உராய்வு மிகக் குறைவாக இருப்பதால் சிறு விசையே அதைச் சுழற்றப் போதுமானதாக இருப்பதையும், அந்த விசையைக் கோபுரத்தின் நடுவில் தொங்கும் எடைக்கற்கள் மெல்ல இறங்குவதன் மூலம் கடிகாரப் பொறி தந்ததையும் பொறுமையாக விளக்கினார். எடை கீழே இறங்கியதும் காவலர் கைப்பிடியைச் சுழற்றி அதை மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். இரவு முழுவதும், பருவம் முழுவதும் இது தவறாமல் நடக்க வேண்டும். 1940-இல் மின்சாரம் வரும்வரை ஒளிக்கு மண்ணெண்ணெய்தான். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்ததாகத் தெரியவில்லை. அவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மனப்பாடமாக ஒப்பிக்காமல் கேட்பவரின் ஆர்வத்தைப் பார்த்து விளக்கத்தை நீட்டவும் சுருக்கவும் தெரிந்த வழிகாட்டிகள் இருப்பதே இந்த இடத்தின் முதன்மையான சிறப்பு என்பேன்.

கோபுரத்துக்கு அருகில் மூடுபனி எச்சரிக்கை ஒலி எழுப்பும் கட்டடமும், எண்ணெய்க் கிடங்கும், காவலருக்கும் அவருடைய இரண்டு உதவியாளர்களுக்கும் கட்டப்பட்ட ஒரே மாதிரியான மூன்று வீடுகளும் உள்ளன. அவற்றுள் ஒரு வீட்டை 1920-களில் இருந்த நிலைக்கு மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டின் சமையலறையை அவசரமின்றிப் பாருங்கள். 1910 ஜூலை 31 அன்று விளக்கு முதன்முறையாக ஏற்றப்பட்டபோது இங்கே சாலையே கிடையாது. செங்கல், சிமெண்டு, இரும்பு, வில்லை என அனைத்தையும் கப்பலில் கொண்டுவந்து, பாறைமேல் நிறுவிய நீராவிப் பாரந்தூக்கியால் மேலே ஏற்றித்தான் பொறியாளர் ரால்ஃப் ரஸ்ஸல் டிங்கம் இதைக் கட்டி முடித்தார். அதன் பிறகும் மாவும் சர்க்கரையும் கடிதங்களும் படகில்தான் வந்தன. 1916-இல் பாறைச் சரிவில் தண்டவாளமிட்டுச் சுமைவண்டி இழுக்கும் வசதி வந்தது. 1924-இல்தான் நெடுஞ்சாலை வந்தது. முதல் காவலரான ஓரன் யங் 1928 வரை இங்கே பணியாற்றினார். அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி சாலை இல்லாத காலம் என்பதை அந்த வீட்டுக்குள் நிற்கும்போது உணர முடிகிறது.

தண்டவாளம் இருந்த பாதையை ஒட்டி ஏரி வரை இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு. இறங்குவது எளிது, ஏறுவது அப்படியல்ல. சிறு குழந்தைகளையும் இதய நோய் உள்ளவர்களையும் அழைத்துச் செல்வோர் இதை விட்டுவிடலாம். ஆனால் உடல் இடங்கொடுத்தால் கட்டாயம் இறங்கிப் பாருங்கள். அவ்வளவு பொருளையும் எங்கிருந்து எங்கே தூக்கினார்கள் என்பது கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் புலப்படும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வரலாற்று வளாகம் வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளது. அதைச் சூழ்ந்துள்ள மாநிலப் பூங்கா, மாநில இயற்கை வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. இரண்டுக்கும் கட்டணம் தனித்தனி. வளாகத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று நுழைவுச்சீட்டு. பூங்காவுக்கு வண்டிக்கு அனுமதிச்சீட்டு. முன்னே சொன்ன புகழ்பெற்ற படம் கிடைக்கும் கூழாங்கல் கரை பூங்காவின் பகுதியில் இருக்கிறது. இந்தப் பிரிவு முதன்முறை வருவோரைக் குழப்பக்கூடியது என்பதால் புறப்படும் முன்பே இரண்டு இணையதளங்களையும் பார்த்துவிடுவது நல்லது. வளாகத்துக்குள் இருக்கும் கடை சிறியது. புத்தகங்கள் நன்றாக இருந்தன, மற்றவை எங்கும் கிடைப்பவை. முழுச் சாப்பாட்டுக்கு இங்கே வழியில்லை, ஆகவே உணவைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதமே ஆனாலும் கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். மினியாபொலிஸ் நகரம் வெயிலில் வாடும் நாளிலும் ஏரியைத் தொட்டுவரும் காற்று சில்லென்றிருக்கும், மூடுபனி எந்த நேரமும் இறங்கலாம். மூடுபனியில் ஏரி தெரியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இந்த விளக்கம் எதற்காக எரிந்தது என்பது அத்தகைய நாளில்தான் நன்றாகப் புரிகிறது.

வழிகாட்டுக் கருவிகள் வளர்ந்தபின் தேவை குறைந்து, 1969-இல் இந்த விளக்கம் பணியிலிருந்து ஓய்வுபெற்றது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 10 மாலையில், அதை மீண்டும் ஏற்றுகிறார்கள். 1975-இல் அதே நாளில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற தாதுக் கப்பல் தன்னிடமிருந்த 29 பேருடனும் இந்த ஏரியில் மூழ்கியது. அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மணியடிக்கிறார்கள். கோடையில் செல்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சி கிடைக்காது. வாய்ப்புள்ளவர்கள் குளிரைப் பொருட்படுத்தாமல் சென்று வரலாம்.

இந்த வளாகத்தைத் தனியே பார்ப்பதைவிட, டுலூத்தில் தொடங்கும் பயணத்தின் ஒரு பகுதியாகப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். டுலூத் கால்வாயின் கரையில் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை நடத்தும் கடல்சார் பார்வையாளர் மையத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மட்டாஃபா உடைந்த இடம் அதன் வாசலுக்கு எதிரே இருக்கிறது. கப்பல் வரும் நேரத்தை அங்கே கேட்டறிந்துகொண்டு காத்திருந்தால், 1905-இல் கட்டப்பட்டு பின்னர் தூக்குப்பாலமாக மாற்றப்பட்ட இரும்புப் பாலம் மேலே எழுவதையும், கப்பலின் ஊதலுக்குப் பாலம் மறுஊதல் கொடுப்பதையும் மிக அருகில் நின்று காணலாம். ஆயிரம் அடி நீளக் கப்பல் ஒன்று அந்தக் குறுகிய வாய்க்குள் மெல்ல நுழைவதைப் பார்த்தபின், புயல் நாளில் அதே வாயைத் தேடிய தலைவரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. அங்கிருந்து 61-ஆம் எண் சாலையில் வடகிழக்கே சென்றால் டூ ஹார்பர்ஸ் ஊரில் தாது ஏற்றும் துறைமேடைகள் இன்றும் இயங்குவதைக் காணலாம்; மினசோட்டாவிலேயே உள்ள சூடான் (Soudan) என்னும் சுரங்கத்திலிருந்து அம்மாநிலத்தின் முதல் இரும்புத் தாது 1884-இல் ஏற்றப்பட்டது இந்த ஊரில்தான். மேலும் இருபது மைல் சென்றால் ஸ்பிளிட் ராக்.

ஆனால் இந்தக் கரையின் வரலாறு தாதுக் கப்பல்களோடு தொடங்கவில்லை. ஏரியைக் கிச்சிகமி என்று அழைக்கும் ஓஜிப்வே மக்கள், 1854-ஆம் ஆண்டு லா பாயின்ட் உடன்படிக்கையில், வேட்டையாடவும் மீன் பிடிக்கவுமான உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு, இந்த வடகரை நிலத்தைக் கையளித்தார்கள். அதன் பிறகே சுரங்கமும் இருப்புப்பாதையும் விளக்கும் வந்தன. ஸ்பிளிட் ராக்கைப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்பிவிட்டால் கதையின் முற்பாதி விடுபட்டுப் போகும். இன்னும் ஏறத்தாழ 100 மைல் வடகிழக்கே, கனடா எல்லையை ஒட்டி, கிராண்ட் போர்ட்டேஜ் தேசிய நினைவிடம் உள்ளது. அதற்கான நிலத்தை அளித்தவர்கள் கிராண்ட் போர்ட்டேஜ் ஓஜிப்வே மக்களே. 1999 முதல் தேசியப் பூங்காத் துறையோடு இணைந்து அதை நடத்துபவர்களும் அவர்களே. நுழைவு இலவசம். அருவிகளைக் கடந்து செல்ல முடியாத ஆற்றுப் பகுதியைத் தவிர்ப்பதற்காக அந்த மக்கள் வகுத்த எட்டரை மைல் சுமைப்பாதையில்தான், பின்னாளில் விலங்குத் தோல் வணிகம் செய்த நார்த் வெஸ்ட் கம்பெனியின் ஆட்கள் 90 பவுண்டு எடையுள்ள தோல்கட்டுகளை இரண்டிரண்டாக முதுகில் சுமந்து நடந்தார்கள். முதல் நாள் டுலூத், இரண்டாம் நாள் முற்பகல் முழுவதும் ஸ்பிளிட் ராக், அன்றிரவு வழியிலுள்ள கிராண்ட் மரே ஊரில் தங்கல், மூன்றாம் நாள் கிராண்ட் போர்ட்டேஜ் என்று திட்டமிடுங்கள். கோடை வாரயிறுதிகளில் வடகரை விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. தங்கும் இடத்தை முதலில் உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றவற்றை முடிவுசெய்யுங்கள்.